இன்ஃபர்மேஷனல் இன்டர்வியூ: யாரைப் பிடிப்பது, எப்படிக் கேட்பது, "ரெஸ்யூம் அனுப்புங்க" என்றால் என்ன செய்வது?

கேள்வி: "ஈ.சி.இ. முடித்துவிட்டு பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்று வருஷமாக மேனுவல் டெஸ்டிங் வேலை. சிப் டிசைன் வெரிஃபிகேஷன், அதாவது சிப்பைத் தயாரிக்கும் முன்பே அதன் டிசைனில் பிழை தேடும் வேலை, அந்தப் பக்கம் போக ஆசை. கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த வேலையில் இருப்பவர்களிடம் பேசிப் பார் என்கிறார்கள். லிங்க்ட்இன்னில் பத்துப் பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் 'ரெஸ்யூம் அனுப்புங்க' என்றார்கள். அனுப்பினேன். அதோடு சரி. எங்கே தப்பு?"

பதில்:

வேலை கேட்காமல், ஒரு வேலை எப்படி இருக்கும் என்று அதில் இருப்பவரிடமே கேட்டறியும் பேச்சுக்குத்தான் இன்ஃபர்மேஷனல் இன்டர்வியூ என்று பெயர். உங்களுக்கு வந்த அந்த "ரெஸ்யூம் அனுப்புங்க"வில்தான் விஷயம் இருக்கிறது. பெங்களூரின் பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஆள் சேர்த்துவிட்டால் ஊழியருக்கு ரெஃபரல் போனஸ் உண்டு. உங்கள் ரெஸ்யூமை உள்ளே போர்ட்டலில் ஏற்ற இரண்டு நிமிஷம் போதும். உங்களோடு உட்கார்ந்து அரை மணி நேரம் உண்மை பேசுவதுதான் செலவு. ஆகவே உங்கள் மெசேஜில் வேலை கேட்கும் வாடை லேசாக அடித்தாலும், மரியாதையாகப் பேச்சை முடிக்க அவருக்குக் கிடைக்கும் சுலபமான வழி ரெஸ்யூம் கேட்பது. அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் கேட்டது போலத் தோன்றியதை அவர் கொடுத்துவிட்டார்.

எனவே வேலைப் பேச்சைத் தொடக்கத்திலேயே, வாய்விட்டு, ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அதை ஒதுக்கினால்தான் எதிரில் இருப்பவர் தன் கம்பெனியை விற்காமல், உங்களையும் எடை போடாமல், உள்ளதைச் சொல்வார். நடிப்புக்காகவும் ஒதுக்க வேண்டாம். பேச்சின் கடைசியில் ரெஸ்யூமை எடுத்து நீட்டினால் அதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.

யாரைப் பிடிப்பது? நெருங்கிய நண்பர்களை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் பி.ஜி. ரூம்மேட்டுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததுதான். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-லேயே இதை எழுதினார்: புதிய தகவல் வருவது நெருக்கமானவர்களைவிட, ஓரளவு மட்டும் தெரிந்தவர்கள் வழியாகத்தான். 2022-ல் லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வும், வேலை மாறுவதற்கு மிதமான பழக்கமே அதிகம் உதவுகிறது என்று காட்டியது. முற்றிலும் தெரியாதவரும் வேண்டாம், தினம் பார்ப்பவரும் வேண்டாம். காலேஜில் நான்கு வருஷம் சீனியர், பழைய டீம்லீடின் தம்பி, அத்தை பெண்ணின் ஃபிளாட்டில் கீழ்வீட்டுக்காரர், இந்த மாதிரி ஆட்கள்.

1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே டிசைன் சென்டர் திறந்தது. அதன் பிறகு இன்டெல், குவால்காம், ஏ.எம்.டி., என்விடியா, ஆர்ம் என்று வரிசையாக வந்து, சிப் வேலையில் இருப்பவர்களின் பெரிய கூட்டமே இந்த ஊரில் சேர்ந்திருக்கிறது. தமிழர்கள் அதில் குறைவில்லை. லிங்க்ட்இன்னில் உங்கள் காலேஜ் பக்கத்துக்குப் போய் 'அலும்னி' பகுதியைத் திறந்து, ஊர் பெங்களூர் என்றும், தேடல் சொல் 'டிசைன் வெரிஃபிகேஷன்' என்றும் போடுங்கள். பதினைந்து இருபது பெயராவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே ரகமாக இருக்கக் கூடாது. உள்ளே வந்து ஒன்றரை இரண்டு வருஷம் ஆனவருக்குக் கதவு எப்படித் திறக்கிறது என்று தெரியும். எட்டுப் பத்து வருஷம் ஆன லீட் அடிக்கடி ஆட்களை இன்டர்வியூ எடுப்பவர்; எதில் வடிகட்டுகிறார்கள் என்பது அவரிடம்தான் கிடைக்கும். சொந்தமாகச் சிப் செய்யும் கம்பெனியில் ஒருவர், அவர்களுக்கு ஆள் அனுப்பும் சர்வீஸ் கம்பெனியில் ஒருவர். முடிந்தால் இந்த வேலையை விட்டுவிட்டு வேறு பக்கம் போன ஒருவரையும் தேடுங்கள். அவரைப் பெரும்பாலும் யாரும் தேடுவதில்லை. ஆனால் வேலையின் உண்மையான விலையைச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

டைரக்டர், வைஸ் பிரசிடென்ட் என்று மேலே குறிவைக்காதீர்கள். அவர்கள் பேசினாலும் 'இண்டஸ்ட்ரி எங்கே போகிறது' என்று பேசுவார்கள். உங்களுக்கு வேண்டியது திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும் என்பது.

மெசேஜ் சின்னதாக இருக்கட்டும். 'ஹாய் சார்' என்று மட்டும் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இன்று யாரிடமும் பலிக்காது. லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் கனெக்ஷன் வேண்டுகோளோடு சேர்க்கும் குறிப்புக்கு இடம் மிகக் குறைவு. மாதத்துக்கு அனுப்பக்கூடிய எண்ணிக்கையும் சொற்பம். ஆகவே அதில் காலேஜ் பெயரையும் ஒரு வரிக் காரணத்தையும் மட்டும் சொல்லி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு முழுசாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"வணக்கம் சார். நான் உங்கள் காலேஜில் 2022 பேட்ச் ஈ.சி.இ. இப்போது மூன்று வருஷமாக மேனுவல் டெஸ்டிங். டிசைன் வெரிஃபிகேஷனுக்கு மாறலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சர்வீஸ் கம்பெனியில் தொடங்கி ப்ராடக்ட் கம்பெனிக்குப் போனதைப் பார்த்தேன். அந்த மாற்றம் பற்றிக் கேட்க நான்கைந்து கேள்விகள் உண்டு. அடுத்த இரண்டு வாரத்தில் 20 நிமிஷம் போனில் பேச முடியுமா? வேலையோ ரெஃபரலோ கேட்பதற்காக இல்லை. நேரம் இல்லையென்றால் புரிந்துகொள்வேன்."

இதில் 'ஏன் உங்களிடம்' என்ற வரிதான் உயிர். அது இல்லாவிட்டால் நூறு பேருக்கு அனுப்பியதில் ஒன்று என்று தெரிந்துவிடும். ரெஸ்யூமை இணைக்கவே கூடாது. வாரத்துக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் சரி என்றுவிட்டால் தயாரிப்பு இல்லாமல் போய் நிற்பீர்கள். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் பேசினாலே நல்ல கணக்கு. பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் இல்லை. சிப் டேப்-அவுட் (டிசைனை முடித்துத் தயாரிப்புக்கு அனுப்பும் கட்டம்) நெருங்கும் டீமில் இருப்பவர்கள் வாரக்கணக்கில் தலை நிமிர மாட்டார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொந்தக்காரர் வழியாகப் போகும்போதுதான் அதிகம் சொதப்புகிறது. அல்சூரில் இருக்கும் மாமாவிடம் சொன்னால் அவர் அவருடைய நண்பருக்குப் போன் போட்டு, "நம்ம பையன் ஒருத்தன், நல்ல பையன், எப்படியாவது ஒரு வேலை பார்த்துக் கொடுங்க" என்றுதான் சொல்வார். பாசத்தில் சொல்வது. ஆனால் அந்த ஒரு வரியில் நீங்கள் வேலை கேட்டு வந்தவராகிவிடுவீர்கள், பிறகு மாற்ற முடியாது. மாமாவிடம் வாய்வார்த்தையாக விடாமல், அவர் அப்படியே வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யும்படி நான்கு வரி நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். "மாமா, நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், இதை மட்டும் அனுப்பிடுங்க" என்றால் அவருக்கும் சுலபம்.

இடம், நேரம். முதல் சந்திப்புக்குப் போன்தான் சரி. நீங்கள் எலெக்ட்ரானிக் சிட்டி, அவர் மான்யதா டெக் பார்க் என்றால் நகரத்தின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை. இருபது நிமிஷப் பேச்சுக்கு அரை நாள் போய்விடும். ஒயிட்ஃபீல்டில் இருப்பவரை நேரில் பார்த்தே ஆக வேண்டுமென்றால், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் லைன் மெட்ரோ உங்களை ஆர்.வி. ரோடு வரை கொண்டுவிடும், அங்கே பச்சை லைன், மெஜஸ்டிக்கில் ஊதா லைன். அதைவிட இருவருக்கும் நடுவில் எம்.ஜி. ரோடு, இந்திரா நகர் பக்கம் வைத்துக்கொள்வது மேல். அதுவும் அவருக்கு வசதியான பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். தர்ஷினி வேண்டாம்: நின்றுகொண்டே சாப்பிடும் இடம், தட்டுச் சத்தம், நோட்டு வைக்க இடமில்லை. உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலாக, டிபன் கூட்டம் வடிந்த பிறகு, சனிக்கிழமை 11 மணி வாக்கில் பாருங்கள். காபிக்குப் பணம் நீங்கள் கொடுக்கத் தயாராக இருங்கள். பெரியவர் பில்லைப் பிடுங்கினால் ஒருமுறைக்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். "ஆபீஸுக்கே வாங்க" என்றால் அடையாள அட்டையோடு 15 நிமிஷம் முன்னதாகப் போங்கள். கேட்டில் பதிவு, பாஸ், சில இடங்களில் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் என்று நேரம் கரையும்.

வார நாளில் நேரம் கேட்கும்போது அவர்களுடைய இரவு மீட்டிங்குகளை மனதில் வையுங்கள். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 8 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. அந்த டீமோடு வேலை பார்ப்பவரை இரவு எட்டரைக்கும் கூப்பிடக் கூடாது, மறுநாள் காலை எட்டரைக்கும் கூப்பிடக் கூடாது. மாலை 5 மணி பெரும்பாலும் தோதாக இருக்கும்.

எப்படி அழைப்பது என்பதில் பலருக்குத் தடுமாற்றம். ஆபீஸில் ஆங்கிலத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இருந்தாலும், தமிழில் பேச ஆரம்பித்ததும் வெறும் பெயர் காதில் உறுத்தும். 'சார்', 'மேடம்' என்று தொடங்குங்கள். "அண்ணான்னே கூப்பிடு, பரவாயில்லை" என்று அவராகச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். முதல் நிமிஷத்திலேயே நீங்களாக 'அண்ணா', 'அக்கா' என்று இறங்குவது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று தோன்றும்.

தயாரிப்புக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கூகுளில் கிடைப்பதை மனிதரிடம் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இது. சிப்பை எழுதவும் சோதிக்கவும் பயன்படும் மொழியான சிஸ்டம்வெரிலாக் என்பது ஐ.ட்ரிபிள்.ஈ. 1800 தரம், யு.வி.எம். என்பது அதன் மேல் கட்டிய டெஸ்ட்பெஞ்ச் (டிசைனைச் சோதிக்க எழுதும் கோட்) முறை, ஆர்.டி.எல். (சிப் டிசைனின் கோட்) எழுதுபவர் வேறு, அதைச் சோதிப்பவர் வேறு, கவரேஜ் (டிசைனில் எவ்வளவு சோதித்தாயிற்று என்ற கணக்கு) என்றால் என்ன, இந்த அளவு தெரிந்திருக்க வேண்டும். ப்ரௌசரிலேயே ஓடும் ஈ.டி.ஏ. ப்ளேகிரவுண்டில் ஒரு சின்ன கவுன்டருக்கு டெஸ்ட்பெஞ்ச் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனால், பேச்சு வேறு தளத்துக்குப் போகும். "நான் எழுதிப் பார்த்தேன், ரீசெட் சமயத்தில் வேவ்ஃபார்மில் எக்ஸ் வருது, ஏன்னு புரியல" என்று ஒரு வரி சொன்னால் எதிராளி நிமிர்ந்து உட்காருவார். (வேவ்ஃபார்ம் என்பது சிக்னல்கள் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படம்; எக்ஸ் என்றால் மதிப்பு 0-வா 1-ஆ என்று தெரியாத நிலை.)

கேள்விகள் ஆறேழு எழுதுங்கள். நான்குதான் கேட்க முடியும். "இந்த ஃபீல்டுக்கு ஸ்கோப் எப்படி சார்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அதற்கு "நல்லா இருக்கு, ஆனா கஷ்டப்படணும்" என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்ல முடியாது. அபிப்பிராயம் கேட்டால் அபிப்பிராயம்தான் வரும். நடந்ததைக் கேளுங்கள். என் கணக்கில் சிறந்த முதல் கேள்வி: "நேத்து காலைல வந்ததுலேருந்து மதியம் வரைக்கும் என்ன பண்ணீங்க சார்?"

பதில் இப்படி வரக்கூடும்: ராத்திரி முழுக்க ஓடிய ரெக்ரெஷனில் (எல்லா டெஸ்டையும் மொத்தமாகத் திரும்ப ஓட்டுவது) ஐந்நூறு டெஸ்டில் முப்பது ஃபெயில். ஒரே மாதிரி எரர் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தால் மூன்று காரணம்தான். ஒன்று டெஸ்ட்பெஞ்சில் யாரோ நேற்று மாற்றியதால் வந்தது. இன்னொன்றுக்கு வேவ்ஃபார்மைத் திறந்து இரண்டு மணி நேரம் சிக்னல் சிக்னலாகப் பின்னோக்கிப் போய், டிசைனில்தான் தப்பு என்று டிசைனருக்கு எழுதினேன். அவர் "ஸ்பெக்ல அப்படித்தான் இருக்கு" என்றார். ஸ்பெக்கை, அதாவது சிப் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிய ஆவணத்தை, எடுத்து இருவரும் படித்தோம்.

இங்கே அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவிவிடாதீர்கள். தோண்ட வேண்டிய இடம் இது. "டிசைன் தப்பா, டெஸ்ட்பெஞ்ச் தப்பான்னு முதல்ல எதை வச்சு முடிவு பண்ணுவீங்க?" "இது மாதிரி பிழை தேடுறதுல வாரத்துல எத்தனை மணி நேரம் போகும், புதுசா கோட் எழுதுறதுல எவ்வளவு?" பிழைகளைத் தொகுப்பது, யாருக்கு அனுப்புவது, ஸ்பெக்கை வைத்து வாதாடுவது, இதெல்லாம் டெஸ்டிங்கில் நீங்கள் மூன்று வருஷமாகச் செய்வதுதான் என்பது அப்போது தெரியவரும். வேவ்ஃபார்மும், கோட் எழுதுவதும்தான் புதுசு. மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்து சிக்னலைத் துரத்துவது உங்களுக்கு ஒத்துவருமா என்பதையும் அங்கேயே உணர முடியும். எந்தக் கோர்ஸ் பிரசுரத்திலும் இது இருக்காது.

அடுத்த கேள்வி: "உங்க டீம்ல கடைசியா சேர்ந்த ரெண்டு பேர் எங்கேருந்து வந்தாங்க?" யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பொதுவாகச் சொல்பவர்கூட இதற்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் கேம்பஸ், ஒருவர் சர்வீஸ் கம்பெனியில் மூன்று வருஷம் என்றால், உங்கள் வழி எது என்று பாதி தெரிந்துவிடும். கோர்ஸ் பற்றி "நல்ல இன்ஸ்டிட்யூட் எது?" என்று கேட்பதைவிட, "கோர்ஸ் முடிச்சுட்டு இன்டர்வியூவுக்கு வர்றவங்க எங்க மாட்டிக்கிறாங்க?" என்று கேளுங்கள். எல்லோர் ரெஸ்யூமிலும் அதே ப்ராஜெக்ட் இருக்கும், "இதில் நீ கண்டுபிடிச்ச பக் ஒண்ணு சொல்லு" என்றால் முழிப்பார்கள், டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் அடிப்படையில் செட்டப், ஹோல்ட் (கிளாக் துடிப்புக்கு முன்னும் பின்னும் சிக்னல் மாறாமல் இருக்க வேண்டிய நேரம்) கேட்டாலே திணறுவார்கள் என்கிற ரகத்தில் பதில் வரும். பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டியது இதுதான். "பிளேஸ்மென்ட் கேரன்டி" என்பவர்களிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்பதும் அதிலிருந்து கிடைக்கும்.

சம்பளம் கேட்கலாம், "உங்க சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "டெஸ்டிங் அனுபவத்தைக் கணக்குல எடுக்காம ஃப்ரெஷரா சேர்த்தா, சர்வீஸ் கம்பெனியில எந்த ரேஞ்ச்ல ஆரம்பிப்பாங்க? பாண்டு கேப்பாங்களா?" என்றால் யாரும் தயங்க மாட்டார்கள். சம்பளம் எவ்வளவு இறங்கும், எத்தனை மாதம் தாங்க வேண்டும் என்ற கணக்கு உங்கள் முடிவில் பாதி.

கேட்கவே கூடாதது ஒன்று உண்டு: இப்போது என்ன சிப் செய்கிறீர்கள், கஸ்டமர் யார், எப்போது வெளிவரும். அவர்கள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். ஆர்வத்தில் கேட்டாலும் அந்த நொடியே பேச்சு இறுகும், பிறகு தளராது. ஆரம்பத்திலேயே "ப்ராஜெக்ட் விவரம் எதுவும் வேண்டாம் சார், வேலை முறை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

உங்களைப் பற்றி ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள். தமிழர்கள் இருவர் சந்தித்தால் எந்த ஊர், எந்தப் பள்ளி, அங்கே அவரைத் தெரியுமா என்று ஐந்து நிமிஷம் போகும். அதை வெட்ட வேண்டாம், அந்த ஐந்து நிமிஷத்தில்தான் மனிதர் இளகுவார். ஆனால் 20 நிமிஷக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டு செய்யலாமா என்று கேட்காதீர்கள். சரி என்றாலும் அதன் பிறகு ஹெச்.ஆர். பேசுவதுபோல் பேசுவார்கள். சின்ன நோட்டில் ஒற்றைச் சொற்களாகக் குறித்து, முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் விரித்து எழுதிவிடுங்கள். ராத்திரிக்குள் பாதி மறந்துவிடும், மறந்த பாதியை நமக்குச் சாதகமாக நாமே நிரப்பிக்கொள்வோம்.

நடுவில் அவரே "சரிப்பா, ரெஸ்யூம் அனுப்பு, பார்க்கலாம்" என்பார். அப்போது தயாராக வைத்திருக்க வேண்டிய பதில்: "ரொம்ப நன்றி சார். இப்ப அனுப்புனா டெஸ்டிங் ரெஸ்யூம்தான் இருக்கும், உங்களுக்கும் பிரயோஜனப்படாது. ஆறு மாசம் படிச்சுட்டு அனுப்பலாமா? அதுக்குள்ள அதுல என்ன இருக்கணும்னு மட்டும் சொல்லுங்க." பேச்சும் அறுபடாது, கதவும் சாத்தப்படாது. கூடவே என்னென்ன கற்க வேண்டும் என்ற பட்டியல் ஆள் எடுப்பவர் வாயாலேயே வந்துவிடும்.

18-வது நிமிஷத்தில் நீங்களே "சொன்ன நேரம் ஆகப்போகுது சார்" என்று நிறுத்துங்கள். அவர் தொடர்ந்தால் அது அவர் விருப்பம். முடிக்கும்போது இன்னொருவரை அறிமுகம் கேட்க வேண்டும், ஆனால் "வேற யாராவது இருக்காங்களா?" என்றால் "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். "சர்வீஸ் கம்பெனியில சேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க யாராவது தெரியுமா?" என்று ரகம் சொல்லிக் கேட்டால் ஒரு முகம் உடனே ஞாபகம் வரும். அவர் பெயரைச் சொல்லித் தொடர்புகொள்ளலாமா என்று அனுமதியும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

அன்றைக்கே நன்றி மெசேஜ், மூன்று வரி, அவர் சொன்னதில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதோடு. லிங்க்ட்இன்னில் அவரை டேக் செய்து செல்ஃபியோடு போஸ்ட் போடாதீர்கள். அவருடைய மேனேஜர் பார்ப்பார், வெளியாளிடம் என்ன பேசினாய் என்று கேட்பார். போஸ்ட்டைப் பார்த்து இன்னும் முப்பது பேர் அவரை மொய்ப்பார்கள்.

ஒருவர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். போனஸ் வாங்கிய வாரத்தில் பேசுபவரும், அப்ரைசல் சொதப்பிய வாரத்தில் பேசுபவரும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால், மூன்றாமவரிடம் அந்த ஒரு விஷயத்தையே நேராகக் கேளுங்கள். "டெஸ்டிங் அனுபவத்தை யாரும் மதிக்க மாட்டாங்க" என்று ஒருவரும் "ரெக்ரெஷன் பார்த்த ஆள்னா எடுப்போம்" என்று ஒருவரும் சொன்னால், பெரும்பாலும் கம்பெனி ரகம்தான் வேறுபாடு. ஆறேழு பேருக்குப் பிறகு பதில்கள் திரும்பத் திரும்ப ஒன்றாக வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் பேசுவது பெரும்பாலும் முடிவைத் தள்ளிப்போடும் வேலை.

மாறுவது என்று முடிவானால், ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அவர் சொன்ன எதைச் செய்து முடித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பதில் எதிர்பார்க்காதீர்கள். விண்ணப்பிக்கும் நாள் வரும்போது ரெஃபரலைத் தனியாக, வெளிப்படையாகக் கேளுங்கள்: அவருடைய கம்பெனி தளத்தில் திறந்திருக்கும் குறிப்பிட்ட வேலையின் ஐடி, பி.டி.எஃப். ரெஸ்யூம், அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி, எல்லாம் ஒரே மெயிலில். விண்ணப்பத்தை நீங்கள் தளத்தில் நேரடியாகப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே நேரடியாகப் பதிவான ஆளை ரெஃபர் செய்யப் பல கம்பெனிகளின் போர்ட்டல் விடுவதில்லை.